ஷெர்லின் நடையை முடித்தார்

குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது ஜாபெஸின் மணிக்கட்டில் கடிகாரம் இரண்டு முறை தட்டியது. யாரோ விரல் நுனியால் கூப்பிடுவது போன்ற மெல்லிய தட்டல். எஸ்டேட்டுக்குள் இருக்கும்வரை வெளியுலகச் செய்தி எதுவும் சொல்லாத கடிகாரம் அது. வீட்டு வைஃபை எட்டும் தூரத்துக்கு வந்தால்தான் அதற்கு உலகம் நினைவுக்கு வரும். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுத் திரையைப் பார்த்தான். 'லோகேஷ் நடையை முடித்தார்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. கீழே ஐந்தரை கிலோமீட்டர் என்று ஒரு கணக்கு. அதற்கும் கீழே, பதில் சொல்ல வசதியாக, கடிகாரமே எழுதி வைத்த வார்த்தைகள்: சபாஷ். அசத்திட்டீங்க. நாளைக்குப் பார்த்துக்கலாம்.

கடிகாரம் அவனுடையதல்ல. அவன் மனைவி ஷெர்லினுடையது. போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல், என்ன காய்ச்சல் என்று புரிவதற்குள் அவளைக் கொண்டுபோய்விட்டது. சேலத்து ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் தாலிச்செயின், கம்மல், கடிகாரம் மூன்றையும் ஒரு மருந்துக் கவரில் போட்டு அவன் கையில் கொடுத்தாள். அந்தக் களேபரத்தில் ஷெர்லினின் போன் எங்கோ தொலைந்துபோனது. அவன் தேடவில்லை. அப்போது அவன் எதையும் தேடுகிற நிலையில் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் மண் போடச் சொன்னார்கள், போட்டான். சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்டான். மறு வாரமே காப்பித் தோட்டத்துக்குப் போய் ஆள் கணக்கு எடுத்தான். பரவாயில்லை, தைரியமான பையன் என்று சபையில் பேசிக்கொண்டார்கள். உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை என்பது அவனுக்கு மட்டும் தெரியும்.

கவர் அலமாரியிலேயே கிடந்தது. காப்பி பூக்கத் தொடங்கிய ஒரு காலையில் சட்டையை இழுக்கும்போது அதுவும் சேர்ந்து விழுந்தது. சும்மா இருக்கட்டுமே என்று கடிகாரத்தைச் சார்ஜில் போட்டான். திரை விழித்துக்கொண்டு எண் கேட்டது. ஷெர்லினுக்குப் பிடித்த கீர்த்தனையின் எண், முன்னால் ஒரு பூஜ்ஜியம். ஆராதனையில் அந்தப் பாட்டைப் பாடும்போதெல்லாம் அவள் அவனைப் பார்த்துக் கண்ணடிப்பாள். திறந்துகொண்டது. மேஜைமேல் இருந்தபோது இதயத் துடிப்புக்கு நேராக ஒரு கோடு மட்டும் இருந்தது. கையில் கட்டியதும் அடிப்பக்கத்துப் பச்சை விளக்கு துடிதுடித்துத் தேடி, எண்ணைக் காட்டியது. எழுபத்திரண்டு. கடிகாரத்துக்கு ஆள் மாறியது தெரியாது. ஷெர்லினின் வயது, ஷெர்லினின் உயரம், ஷெர்லினின் எடை எல்லாம் அதற்குள் இருந்தன. அவன் ரத்தம் அவள் பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிறகு அவன் அதைக் கழற்றவில்லை. எஸ்டேட்டில் ஏற்றம் ஏறும்போது, 'நடக்கிறீர்கள் போலிருக்கிறதே, பதிவு செய்யவா?' என்று கேட்கும். ஆம் என்று தட்டுவான். அவனைக் கேட்பதற்கு என்று ஒன்று இருந்தது.

இன்றைக்கு அது லோகேஷ் என்கிறது.

லோகேஷை அவனுக்குத் தெரியும். ஏற்காட்டில் ஷெர்லின் கணக்குப் பாடம் எடுத்த பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். வெள்ளக்கடை என்ற ஊர்க்காரன். அடக்கத்தன்று பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கியவன். அவ்வளவுதான். அந்த ஆள் எத்தனை கிலோமீட்டர் நடந்தால் ஷெர்லினுக்கு என்ன? அதை அவளிடம் ஏன் சொல்கிறான்? நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று அவள் எத்தனை நாள் இந்தத் திரையில் தட்டியிருப்பாள்? ஜாபெஸ் குழாயை மூட மறந்து நின்றான். மரத்துப்போன காலில் ரத்தம் திரும்பும்போது முதலில் ஊசி ஊசியாய்க் குத்துமே, அப்படி வயிற்றுக்குள் ஏதோ குத்தியது. இத்தனை மாதத்தில் அவனுக்குள் முதன்முதலாக அசைந்த உணர்ச்சி அது. பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்கவே அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது.

மறுநாள் எஸ்டேட் ஜீப்பில் உரம் எடுக்க ஏற்காட்டுக்கு வந்தவன், ஒண்டிக்கடை பக்கத்தில் பானுவின் மொபைல் கடையில் ஏறினான். பானு சேலத்திலிருந்து வந்து கடை போட்டவள். டூரிஸ்ட்டுகள் ஏரியில் போட்ட போன்களை அரிசியில் புதைத்து வைப்பதில் தொடங்கி எல்லா வைத்தியமும் பார்ப்பாள். கடிகாரத்தைக் கண்ணாடிமேல் வைத்து, "இதை என் போன்ல சேத்துக் குடுங்க" என்றான். அதற்குள் இருப்பதெல்லாம் தன் போனுக்கு வந்துவிட வேண்டும். வந்துவிட்டால் தெரிந்துவிடும்.

பானு கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். யாருடையது என்று தெரிந்ததும் அவள் குரல் ஒரு படி இறங்கியது. "டீச்சரோடதுங்களா?" பிறகு அவன் போனைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். "சேராதுங்க சார். இதுக்கும் உங்க போனுக்கும் பேச்சுவார்த்தையே கெடையாது."

"ரெண்டுலயும் ப்ளூடூத் இருக்குதே."

"கதவு இருந்தாப் போதுங்களா? உள்ள இருக்கறவங்க தொறக்கணுமில்ல. உள்ள ஓடற ஓஎஸ்ஸு வேறைங்க." கண்ணாடிக்கு அடியிலிருந்து இரண்டு கடிகாரங்களை எடுத்து ஷெர்லினுடையதன் பக்கத்தில் வரிசையாக வைத்தாள். "டீச்சரோடது ஆப்பிளு. இதுல ஓடறது வாட்ச் ஓஎஸ். அதே கம்பெனி போனைத் தவிர யாரு கூப்புட்டாலும் திரும்பிப் பாக்காது. நொம்ப ரோசக்காரி. இந்த ரெண்டாவதுல ஓடறது வேர் ஓஎஸ். ஆண்ட்ராய்டு போனோட நல்லா ஒட்டிக்கும். முன்னெல்லாம் ஐபோனுக்கும் கொஞ்சம் எடங்கொடுத்துச்சு, இப்ப வர்றது அதுவும் இல்லீங்க. இந்தக் கடைசி வாட்சு டூரிஸ்ட் பசங்க வாங்கறது. இதுக்கு ஓஎஸ்ஸுன்னு பெருசா ஒண்ணுமில்லை, கம்பெனிக்காரனே சின்னதா ஒண்ணை எழுதிப் போட்டிருப்பான். எந்தப் போன் கூடவும் சேரும், வாரம் பூரா சார்ஜ் நிக்கும். ஆனா புதுசா ஒரு ஆப்பு போட முடியாது. வெள்ளந்தி."

"வேற வழி?"

"டீச்சரோட போன் இருந்தாப் பழைய கணக்கெல்லாம் அதுல கெடக்கும். போச்சுங்கறீங்க. வேற ஐபோன் வாங்கிச் சேத்தா, வாட்சு மொதல்ல உள்ள இருக்கறதை அழிச்சுப்போட்டுத்தான் சேரும். அழிச்சதுக்கு அப்பறமும் டீச்சரோட பாஸ்வேர்டு கேக்கும். தெரியுங்களா?"

தெரியாது. அந்தக் கீர்த்தனை எண்ணைத் தாண்டி அவளுடைய எந்தக் கதவும் அவனுக்குத் திறக்காது.

பானு திடீரென்று நினைவு வந்தவளாய் முகம் மலர்ந்தாள். "அட, லோகேஷ் சார் போன்ல இருக்குமே! ரெண்டு பேரு வாட்சும் ஒரே கம்பெனி. இங்க வந்துதான் சேத்துவுடச் சொன்னாங்க. ஒருத்தரு நடந்தா இன்னொருத்தருக்குக் காட்டும். வாரா வாரம் போட்டி. தோத்தவங்க ஸ்டாஃப் ரூமுக்கு வடை வாங்கணும். எங்கடை வாசல்ல நின்னு என்ன சண்டைங்கறீங்க, நீங்க கையை மட்டும் ஆட்டீட்டு ஒக்காந்திருக்கீங்க மாஸ்டர்னு டீச்சரு..." சிரிக்கத் தொடங்கியவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியும்" என்றான் ஜாபெஸ்.

ஜீப்பின் பின்னால் உர மூட்டைமேல் உட்கார்ந்து, எஸ்டேட் இருக்கும் கொட்டச்சேட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த வார்த்தை நாக்கில் கசந்தது. தெரியாததைத் தெரியும் என்றது அல்ல. தெரிந்திருக்க வேண்டியது தெரியாமல் போனது. மஸ்கட்டில் இருக்கும் அவள் அண்ணன் போனும் கடிகாரமும் அனுப்பிய அதே மாதத்தில்தான் அவனும் தள்ளுபடியில் ஒரு கடிகாரம் வாங்கினான். அன்று மாலை கட்டிலில் எதிரெதிரே சம்மணமிட்டு, இரண்டையும் நடுவில் வைத்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்துவைக்க அவள் பட்ட பாடு. அவள் நடப்பது அவனுக்கும், அவன் நடப்பது அவளுக்கும் தெரிய வேண்டுமாம். நடுவில் ஏதோ ஒரு ஆப் போட்டால் கணக்கை மட்டும் பரிமாறிக்கொள்ளலாம் என்று படித்துவிட்டு அதையும் போட்டாள். அவனுடையது அவ்வப்போது எதையோ மறந்தது. கடைசியில், "ஏனுங்க, நீங்களும் இந்தப் போனுக்கே மாறிக்கலாமில்ல?" என்றாள். என் போன் நல்லாத்தானே இருக்குது என்றான் அவன். பக்கத்துலயே இருக்கறவங்களுக்கு வாட்சுல எதுக்குக் காட்டோணும் என்றும் சொன்னான். அது சரியான பதில் என்றே அன்று அவனுக்குத் தோன்றியது. அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் எவ்வளவு நடந்தாள் என்று அவன் கேட்டதில்லை. அவள் நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். அதைப் பார்க்க ஒரு ஆளையும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பைக்கை வெள்ளக்கடைக்கு விட்டான். என்ன கேட்கப் போகிறோம் என்று அவனுக்கே தெளிவில்லை. அவள் போன தடங்களெல்லாம் இன்னொருவன் சட்டைப் பையில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தாக வேண்டும், அவ்வளவுதான். லோகேஷின் வீட்டு வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. சேலையை இழுத்துச் செருகியிருந்த ஒரு பெண் வெறுங்காலால் மிளகைக் கிளறிக்கொண்டே தார்ப்பாயின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாள். லோகேஷின் மனைவி காவேரி. பைக் சத்தத்துக்கு நிமிர்ந்தவளின் பார்வை நேராக அவன் மணிக்கட்டுக்குப் போயிற்று.

"நீங்கதானுங்களா?" என்றாள். "நானும் யாருன்னு பாத்தேன். உசுரோட இருந்தப்பக்கூட டீச்சரு இத்தனை நடக்கலீங்க. இப்பத்தான் நொம்ப நடக்கறாங்க."

"காவேரி!" உள்ளிருந்து லுங்கியைச் சரிசெய்துகொண்டே லோகேஷ் வந்தான். "வாங்க சார், உள்ள வாங்க. இவ இப்படித்தான், வாய் வெச்சுக்கிட்டு... டீ போடு போ."

டீ வரவில்லை. காவேரி தார்ப்பாயை விட்டு நகரவில்லை. இருவரும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். லோகேஷின் கையிலும் அதே கடிகாரம். பட்டை மட்டும் கறுப்பு. இரண்டு கைகளும் பெஞ்சின்மேல் அருகருகே இருப்பதைக் கவனித்து ஜாபெஸ் தன் கையை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டான்.

"அதை நான்தான் கட்டியிருக்கேன், மாஸ்டர்."

"தெரியுமுங்க." லோகேஷ் தரையைப் பார்த்தபடி பேசினான். "மொத நாளு சாயங்காலம் போன்ல வந்துச்சுங்க. ஷெர்லின் நடையை முடித்தார்னு. கிரவுண்டுல இருந்தேன். விசிலைக் கீழ போட்டுட்டேன் சார், சத்தியமா. பசங்க சிரிச்சானுங்க. மறுநாளும் வந்துச்சு. அப்பறம் கணக்கைப் பாத்தேன். ஏத்தமும் எறக்கமுமா இருந்துச்சு. எஸ்டேட் நடை. டீச்சரு எஸ்டேட்டுக்குள்ள கால் வெக்க மாட்டாங்களே, அட்டைன்னா அப்படி ஒரு பயம். அப்பத்தான் நீங்கன்னு புரிஞ்சுது."

அவளுக்கு அட்டைப் பயம் என்பது இவனுக்கு எப்படித் தெரியும்? கல்யாணமான புதிதில் அவளை ஒருமுறை மிளகுக் கொடிகளுக்கிடையே கூட்டிப்போய், அவள் அலறியடித்து ஓடி வந்ததை ஜாபெஸ் யாரிடமும் சொன்னதில்லை. அவள் சொல்லியிருக்கிறாள். ஸ்டாஃப் ரூமில், வடையைப் பிய்த்துக்கொண்டே.

"இத்தனை நாளா இதுல உங்க பேரு வரலையே. நான்னு தெரிஞ்சப்பறம் நீங்க எதுக்கு மறுபடி நடக்க ஆரம்பிச்சீங்க?"

லோகேஷ் தன் கடிகாரத்தின் பட்டையைத் திருகினான். "டீச்சரு போனதுக்கப்பறம் நான் நிறுத்திட்டேனுங்க. எதுத்தாப்புல ஆளில்லாம எப்படி. இப்ப அங்க ஒருத்தரு தினமும் நடந்துட்டிருக்கறப்ப, இங்க நான் மட்டும் சும்மா ஒக்காந்திருக்கறது..." கையை விரித்தான். "உங்களுக்குப் போட்டியா இல்லீங்க."

"நானுந்தான் நடக்கறேன்," என்றாள் காவேரி, மிளகிலிருந்து கண்ணை எடுக்காமல். "விடிஞ்சா காட்டுக்குப் போறேன், ஏணியைத் தூக்கீட்டு மரத்துக்கு மரம் போறேன், பொழுது சாஞ்சா இதை மிதிக்கறேன். அது எதுலீங்க ஏறுது? எந்தப் போன்ல டிங்குன்னு அடிக்குது?"

மிளகு அவள் காலடியில் சரசரத்தது. லோகேஷ் எழுந்து உள்ளே போய் போனை எடுத்துவந்தான். கேட்காமலேயே திறந்து ஜாபெஸிடம் நீட்டினான். ஜாபெஸ் வாங்கிக்கொண்டான்.

ஷெர்லின் என்ற பெயருக்குக் கீழே நாள் நாளாக அடுக்கி வைத்திருந்தது. ஒவ்வொரு நாளுக்கும், நடக்க நடக்க நிறைகிற, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டங்கள். முழுதாய் முடிந்த வட்டங்கள், முக்கால் வந்து நின்றவை, சனிக்கிழமைகளில் தடித்து ஒன்றின்மேல் ஒன்று ஏறியவை. தள்ளிக்கொண்டே போனான். பஸ்ஸை விட்டுவிட்டு நடந்த நாட்கள் இருந்தன. மழைக்காலத்தில் வட்டங்கள் மெலிந்தன. காய்ச்சல் கண்ட வாரத்தில் ஒரு நகக்கீறல் அளவு சிவப்பு, மறுநாள் அதனினும் சிறிது, பிறகு வெறும் கருப்பு. கருப்பு நாட்கள் வரிசை வரிசையாக நீண்டன. அதன் பிறகு, காப்பி பூத்த வாரத்தில், மறுபடி வட்டங்கள் தொடங்கின. முன்னைவிடத் தடிமனாக, ஒரு நாளும் குறையில்லாமல். கதை தெரியாத ஒருவன் பார்த்தால், கொஞ்ச காலம் படுத்துக் கிடந்த ஒருத்தி எழுந்து உட்கார்ந்து, தெம்பாகி, முன்னைவிட வேகமாய் நடக்கத் தொடங்கிவிட்டாள் என்றுதான் நினைப்பான். ஜாபெஸ் அந்தக் கருப்பு நாட்களையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் வருமோ என்று எதிர்பார்த்தான். வரவில்லை. வந்தது அந்தப் பொறாமைதான். இதையெல்லாம் இவன் தினமும் வந்து போகிற வழியில், விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறான்.

லோகேஷ் குனிந்து ஒரு நாளைத் தொட்டுக் காட்டினான். "இதைப் பாருங்க சார். இந்த நடையாலதான் அந்த வாரம் நான் ஜெயிச்சேன்."

ஏரியைச் சுற்றிய ஒரு நடை. நேரம் நீளமாக இருந்தது, வேகம் அடிமட்டத்தில் இருந்தது. வழியில் நாலைந்து முறை கடிகாரமே சலித்துப்போய்ப் பதிவை நிறுத்தித் தொடங்கியிருந்தது.

"ஏன் டீச்சர், நத்தை ஏதாச்சும் புடிச்சுக் கையில கட்டீட்டுப் போனீங்களான்னு கிண்டல் பண்ணினேனுங்க. சிரிச்சாங்க. 'என்ற ஊட்டுக்காரரு கூட வந்தாருங்க மாஸ்டர், அவரு பாட்டனி படிச்சவரு, ஒவ்வொரு மரத்துக்கும் பேரு சொல்லாம அடுத்த மரத்துக்கு நகர மாட்டாரு, தோத்தாத் தோத்துட்டுப் போறேன்'னாங்க. அன்னைக்கு ரெண்டு வடை சேத்தே வாங்கிக் குடுத்தாங்க."

ஜாபெஸுக்கு அந்த ஞாயிறு நினைவிருந்தது. மழை விட்டிருந்தது. ஏரிக்கரை ஈரமாயிருந்தது. அவன் கையில் அவனுடைய கடிகாரம், அவள் கையில் அவளுடையது. ஒரே நடையை இரண்டும் தனித்தனியாக எண்ணிக்கொண்டிருந்தன. சலித்துக்கொள்வாள் என்று நினைத்தான். ஒரு மரத்துக்குப் பெயர் மறந்து நின்றபோது அவளே அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றாள். அவள் எதையோ தோற்றுக்கொண்டிருந்தாள் என்பது இப்போதுதான் தெரிகிறது. அது சந்தோஷமாய் இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தத் தோல்வியை வைத்து அவள் சிரித்த சிரிப்பு இந்த ஆளிடம் இருந்தது. மரங்களின் பெயரைச் சொன்னவன் அவன். சிரிப்பைக் கேட்டவன் இவன்.

"எல்லாத்தையும் படம் புடிச்சு உங்களுக்கு அனுப்பீர்றேன் சார். படம் எந்தப் போனுக்கும் போகும்."

"வேண்டாம்" என்றான் ஜாபெஸ், சற்று வேகமாகவே. நகல் எதற்கு? இவனிடம் இல்லாமல் போக வேண்டும். அந்த எண்ணம் அவ்வளவு தெளிவாக, அவ்வளவு அற்பமாகத் தன் முன்னால் வந்து நின்றதைப் பார்த்து அவனே ஒரு கணம் கூசினான். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தான்.

பைக் வரைக்கும் காவேரி கூட வந்தாள். பாதமெல்லாம் மிளகுக் கருப்பு. வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவுங்களைத் தப்பாப் பேசீட்டேன்னு நெனைக்காதீங்க சார். டீச்சரு நல்லவங்க, இந்த ஊட்டுக்கு வந்து எங்கையால சாப்பிட்டிருக்காங்க. ஆனா சாயங்காலமானா அந்தப் போன் டிங்குங்குது. எந்த வேலையா இருந்தாலும் போட்டுட்டு எட்டிப் பாக்கறாரு. அடுப்படியில இருந்து நான் மூணு வாட்டி கூப்புட்டாலும் காதுல ஏறாது. பாத்துட்டு உடனே கெளம்பி நடக்கப் போயிர்றாரு." நெற்றியைப் புறங்கையால் துடைத்தாள். "செத்தவங்க மேல கோவிக்க முடியுங்களா? உங்க மேலதான் கோவம் வருது."

"எம்மேலயா?"

"நீங்கதான நடக்கறீங்க." பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "அந்த வாட்சுலயே மறைக்கறதுக்கு ஒண்ணு இருக்குதாமே. எந்தம்பி சொன்னான். அமுத்திவுட்டுட்டா நீங்க நடக்கறது இங்க தெரியாதாமா. செஞ்சு வுட்ருங்க சார்."

அப்படி ஒன்று இருப்பது அவனுக்குத் தெரியாது. பைக்கை உதைத்தபோது மனதில் ஓர் இனிப்பு பரவியது. லோகேஷிடமிருந்து அவளைத் திரும்ப எடுத்துக்கொள்ள அந்த வீட்டுக்குள்ளிருந்தே ஒருத்தி வழி சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

திங்கட்கிழமை தோட்டம் முழுவதும் வெள்ளையாக இருந்தது. முந்தின வாரம் பெய்த மழைக்குக் காப்பிச் செடிகள் இரண்டாம் முறையாக ஒரே நேரத்தில் வெடித்திருந்தன. கிளைக்குக் கிளை பஞ்சு சுற்றியது போல் பூ, மூச்சு முட்டும் மணம், எங்கு பார்த்தாலும் தேனீயின் ரீங்காரம். பூவின்போது யாரும் செடியை உரசக் கூடாது என்பதால் ஆட்கள் பாதையோடு ஒதுங்கி நடந்தார்கள். ஜாபெஸ் மேல் பாத்தியிலிருந்து கீழ் ஓடை வரை போய்த் திரும்பினான். கடிகாரம் கேட்டது, ஆம் என்று தட்டினான். அவன் துடிப்பு ஏறியது, ஷெர்லினின் துடிப்பு ஏறியது. மாலையில் வீட்டுக்குத் திரும்பும்போது மூன்று வட்டத்தில் இரண்டு முடிந்திருந்தன.

வீட்டுக்குப் போகும் மண் பாதையில் ஒரு பலா மரம் உண்டு. அதைத் தாண்டினால்தான் வைஃபை எட்டும். வெளியிலிருந்து செய்தி வந்து கடிகாரம் தட்டுவது எப்போதும் அதற்கு அந்தப் பக்கம்தான். மரத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும்வரை இன்றைய நடை அவனுக்கும் கடிகாரத்துக்கும் மட்டுமே தெரிந்த ஒன்று. அதைத் தாண்டியதும் மலையைச் சுற்றிக்கொண்டு வெள்ளக்கடைக்குப் போய்விடும். ஜாபெஸ் பலா மரத்தடியில் நின்றான். கடிகாரத்தில் நண்பர்கள் பட்டியலைத் திறந்து லோகேஷின் பெயரைத் தொட்டு, கீழே தள்ளிக்கொண்டே போனான். கடைசியில் இருந்தது. என் நடையை மறை. விரலுக்குக் கீழே ஒரு சின்னச் சாம்பல் பட்டை.

அமுக்கினால் முடிந்தது. காவேரி கூப்பிட்டால் லோகேஷ் திரும்பிப் பார்ப்பான். ஷெர்லின் முழுதாக ஜாபெஸிடம் வந்துவிடுவாள். வந்து என்ன செய்வாள்? இந்தக் கையில் நடப்பாள். நடந்ததைப் பார்க்க ஆளிருக்காது. பக்கத்திலேயே இருக்கறவங்களுக்கு எதற்குக் காட்டணும் என்று கேட்டவனிடம்தான் திரும்ப வருவாள். இந்நேரம் வெள்ளக்கடையில் தார்ப்பாயைச் சுருட்டியிருப்பார்கள். ஜன்னல் கட்டையில் போன் இருக்கும். அது அடிக்குமா அடிக்காதா என்று அடுப்படியில் ஒருத்தி காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். கூடத்தில் ஒருவன் இன்னும் செருப்பைக் கழற்றியிருக்க மாட்டான். இருவருக்கும் தரவேண்டிய பதில் தன் விரல் நுனியில் இருப்பது ஜாபெஸுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதும் பிடிக்கவில்லை.

மேகம் பாதையில் இறங்கத் தொடங்கியிருந்தது. விரலை எடுக்கவும் இல்லை, அமுக்கவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் திரை தானாகவே மங்கியது. அவன் வீட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வந்த வழியே மெதுவாக நடந்தான்.

"சில்வர் ஓக்" என்றான், முதல் மரத்தின் முன்னால் நின்று. குரல் கரகரத்தது, காலையிலிருந்து ஆட்களை அதட்டியதைத் தவிர வேறு பேசவில்லை. மிளகுக் கொடி அதன் உடம்பெல்லாம் ஏறியிருந்தது. அடுத்ததற்கு நகர்ந்தான். "கல்யாண முருங்கை." அடுத்தது. "சந்தன வேம்பு." அதற்கடுத்த மரம் மேகத்தில் பாதி மறைந்திருந்தது. அடிமரத்தைத் தடவிப் பார்த்தான். பட்டை வழவழப்பாக, ஈரமாக இருந்தது. தெரிந்த மரம்தான். ஏரிக்கரையில் பெயர் மறந்து நின்றதும் இதே வகை மரத்தின் முன்னால்தான். அவசரமில்லாமல் யோசித்துக்கொண்டே நின்றான்.

மணிக்கட்டில் கடிகாரம் தட்டியது. இவ்வளவு நேரம் நகராமல் நின்றால் அது அப்படித்தான் கேட்கும். 'நடையை முடித்துவிட்டீர்களா?' என்று திரையில் இருந்தது. கீழே முடிக்க ஒன்று, தொடர ஒன்று என்று இரண்டு பொத்தான்கள். அவன் இரண்டையும் தொடவில்லை. கையைத் தொங்கவிட்டு, அண்ணாந்து, இலைகளைப் பார்த்தான். மேகத்துக்குள் கடிகாரத்தின் அடியிலிருந்து பச்சை வெளிச்சம் மினுக்கி மினுக்கி, அவன் தோலுக்குள் தேடிக்கொண்டிருந்தது.